சுரங்கத்தில் காணாமல் போனவள்

"இத நீங்கதான் எழுதினீங்களா, புள்ள? இல்ல, யாரும் எழுதித் தந்ததா?"

கண்டியில் ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்த முஸ்லிம் பெரியவர் அப்படித்தான் ஆரம்பித்தார். துருக்கித் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, எதையும் வாய்விட்டே வாசிப்பார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது.

என் கதையில் ஒரு பெண் ரயிலில் கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் போகிறாள். ரயில் வெளியே வரும்போது அவள் இருந்த இடத்தில் ஈரச் சேலை மட்டும் கிடக்கிறது.

"இவ மவுத்தாகிட்டாளா, தப்பி ஓடிட்டாளா?"

"செத்தாளா, ஓடினாளா, எனக்கும் தெரியாதுங்க."

"எழுதின ஆளுக்கே தெரியாதா? அதான் சந்தேகமா இரிக்கி. முடிவா ஒரு வரி எழுதித் தாங்க."

மறுத்தேன். நான் போனதும் அவரே ஒரு வரி சேர்ப்பார் என்று எனக்குச் சந்தேகம். அச்சுக் கோப்பவர் என் கதையின் கடைசி ஈய எழுத்தைக் கோத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

கதை அப்படியே வந்தது. அடுத்த முறை என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "நான் தினமும் அந்தச் சுரங்கத்தாலதான் வாற. இப்ப வெளிய வந்ததும், எதிர்ல இருந்த ஆள் இரிக்காரான்னு பாக்காம இரிக்க ஏலாம போச்சு."

அதை நான்தான் எழுதினேன் என்று அவர் நம்பினாரா, இன்றும் தெரியாது. முடிவில்லாத இன்னொரு கதையை அன்றே அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.