செல்வி முடிக்கு ஒரு ரீவொர்க்

பாத்ரூம் கதவைத் தள்ளினதுமே மூக்கைப் பொத்திக்கிட்டேன். அந்த ப்ளீச் வாடை... கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. உள்ளே செல்வி, வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருந்தா. தலையில துண்டு.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க?"ன்னேன்.

ஒரகடத்துல ஹாஸ்டல்ல இருந்த காலம் அது. நான் உத்திரமேரூர் பக்கம், அவ சங்கரன்கோவில் பக்கம், ஒரே ரூம். நான் கார் பம்பருக்கு பெயின்ட் அடிக்கிற கம்பெனியில இன்ஸ்பெக்‌ஷன். அவ எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில லைன்ல. அங்க தலைக்கு வலை, அதுக்கு மேல தொப்பி, மூஞ்சிக்கு மாஸ்க். ஷிப்ட் முழுக்க கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். எல்லாரும் ஒண்ணுபோல இருக்கோம்னு புலம்பிக்கிட்டே இருப்பா. முன்பக்கம் ரெண்டு பக்கமும் கொஞ்சம் முடியைக் கலர் பண்ணிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை.

ஆசைல தப்பில்ல. முதல் தடவை பத்தலைன்னு, கையோட கையா இன்னொரு தடவையும் ப்ளீச் போட்டா பாருங்க... அங்கதான் மாட்டிக்கிட்டா.

துண்டை அவுத்தா, பழுத்த வாழைப்பழத் தோல் கலரு. ஈரத்துல லேசா இழுத்துப் பாத்தேன். ரப்பர் மாதிரி நீளுது.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை அவ அண்ணன் பாக்க வர்றதா இருந்துச்சு. அவளை இவ்வளவு தூரம் வேலைக்கு அனுப்ப வீட்ல யாருக்கும் மனசில்ல. அண்ணன்தான் நான் பொறுப்புன்னு சொல்லி அனுப்பி வச்சவரு. இந்தத் தலையைப் பாத்தா அன்னைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிடுவாரு, ஊருக்குப் போனா அடுத்தது கல்யாணப் பேச்சுதான்... அதைச் சொல்லித்தான் அழுதா.

கருப்பு டை வாங்கி அடிச்சுடறேன்னு கிளம்பினா. நான் விடல.

எங்க பெயின்ட் ஷாப்ல ஒரு பம்பர் சரியா வரலைன்னா தேச்சுட்டு மறுபடி அடிப்போம். அதுக்குப் பேரு ரீவொர்க். அதையே திரும்பத் திரும்ப பண்ணா பெயின்ட் நிக்காது, உரிஞ்சு வரும். அப்புறம் ஸ்க்ராப்தான், தூக்கிப் போட வேண்டியதுதான். "உன் முடி இப்ப ரீவொர்க் பீஸுடி. இன்னொரு கெமிக்கல் பட்டுச்சு, ஸ்க்ராப்"னேன். வேற எப்படிச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டா. அந்த வார்த்தைக்கு அடங்கிட்டா.

அதுக்குள்ள பக்கத்து ரூம்காரிங்க சொட்டு நீலம் பாட்டிலோட வந்துட்டாங்க. வெள்ளைத் துணி மஞ்சளானா இதைத்தானே போடறோம், முடிக்கு மட்டும் ஆகாதான்னு கேட்டாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருந்துச்சு... ஆனா டெஸ்ட் பேனல் அடிச்சுப் பாக்காம பம்பர்ல கை வைக்கிற பழக்கம் எனக்கில்ல. காதோரமா நாலு முடியில மட்டும் தடவிப் பாத்தேன். பாசி பிடிச்ச தண்ணித் தொட்டி கலருக்கு வந்துச்சு. பாட்டில் வந்த வழியே போயிடுச்சு.

சிங்கப்பெருமாள் கோவில்ல ஒரு பார்லர் அக்காதான் வழி சொன்னாங்க. டெவலப்பர்னு கெமிக்கல் கலக்குற எதுவும் வேணாம். அப்படியே தடவுற வயலட் கலர் க்ரீம், அதுல பட்டாணி அளவு எடுத்து நிறைய வெள்ளைக் கண்டிஷனர்ல கலந்து போடு, மஞ்சளை அது அடக்கிடும்னாங்க. வெந்த முடி கலரைச் சட்டுன்னு குடிச்சுடுமாம். அதனால போட்டுட்டு போன் நோண்டாம பக்கத்துலயே நின்னு பாக்கணுமாம்.

இதுக்கும் முதல்ல நாலு முடியில டெஸ்ட். சரியா வந்துச்சு. சனிக்கிழமை மத்தியானம் போட்டோம். ஹாஸ்டல் போர் தண்ணி ஒரே உப்பு, அதுல அலசினா முடி இன்னும் வறவறன்னு ஆயிடும்னு குடிக்கிற கேன் தண்ணியைத் தூக்கிட்டு வந்தேன். வார்டன் அக்கா பாத்துட்டு, இன்னா ராணி வூட்டு குளியலான்னு ஒரு பாட்டம் பாடினாங்க. துண்டால தேய்க்காம பழைய பனியனால ஒத்தி எடுத்து, ஃபேன் காத்துலயே காயவிட்டோம்.

முடி ஒண்ணுகூட உடையல. மஞ்சளும் போச்சு. ஆனா அந்த இடத்துல சாம்பல் மாதிரி ஒரு வெள்ளை... பின்னுக்கு இழுத்துக் கட்டினா தெரியாதுன்னு எங்களை நாங்களே சமாதானம் பண்ணிக்கிட்டோம்.

ஞாயித்துக்கிழமை அண்ணன் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தோட கேட்டுல நின்னாரு. செல்வி துப்பட்டாவால தலையை மூடிக்கிட்டுத்தான் போனா. பொட்டலத்தை வாங்கக் கையை நீட்டினப்ப துப்பட்டா நழுவிடுச்சு.

அவரு கத்தல. உத்துப் பாத்தாரு.

"ஏளா... என்னது, தல நரைச்சிட்டா? அவ்வளவு வேலையா வாங்குதானுவ?"

திட்டு வாங்க ரெடியா இருந்தோம். இதுக்கு ரெடியா இல்ல. பெரிய மனுஷன், குரல் உடைஞ்சு போச்சு. "பையை எடு, ஊருக்குப் போவோம். உன்ன இங்க அனுப்புனது என் தப்பு"ன்னாரு.

கலர்னு சொன்னாலும் ஊருக்கு, சொல்லலைன்னாலும் ஊருக்கு. செல்வி துப்பட்டாவை முழுசா எடுத்துட்டா. அப்புறம் சொன்னா, "வேலையால இல்லண்ணே. நாந்தான் ஆசைக்குப் பண்ணேன்."

அவரு அந்த முடியை விரலால தொட்டுப் பாத்தாரு. "நெசமா ஆசைக்குத்தானா?"ன்னு திரும்பக் கேட்டாரு. அவ தலையாட்டினதும் பெருமூச்சு விட்டாரு. திட்டக்கூட மறந்துட்டாரு போல. அம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்னு சொல்லிட்டு மத்தியானம் பஸ் ஏறிட்டாரு.

செல்வி இன்னும் ஒரகடத்துலதான், இப்ப லைன் லீடர். நான் குன்றத்தூர்ல குடும்பத்தோட இருக்கேன். அந்த வயலட் சமாச்சாரம் எல்லாம் ஷாம்பூவாவே வருது, போன்ல தட்டினா வாசலுக்கு வந்துடுது.

எனக்கு இப்ப முன்பக்கம் ரெண்டு பக்கமும் நரைச்சுடுச்சு. நிஜ நரை. டை அடிம்மாங்குறா பொண்ணு. ஆபீஸ்ல, இதுவும் ஸ்டைலாத்தான் இருக்குங்குறாங்க. வீட்டுக்காரர் கவனிச்சாரான்னே தெரியல.

அவ்வளவு வேலையான்னு மட்டும்... இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.