பயறு ஊறிய தண்ணீர்

1. முக்காதத்தின் விரல்

அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பூரில் ஒரு பெயிண்ட் பாக்டரியில் பத்லியாக வேலைக்குச் சேர்ந்தேன். பத்லி என்றால் பர்மனென்ட் ஆள் வராத நாளில் அவன் இடத்தில் நிற்கிறவன். காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே கூட்டமாக நிற்போம். முக்காதம், அதாவது கூலியாள் மேஸ்திரி, வந்து விரலை நீட்டி ஆள் எடுப்பான். விரல் நம் பக்கம் திரும்பினால் அன்றைக்குக் கூலி உண்டு. இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்த விரலைப் பார்த்து நின்ற பயம் எப்படிப்பட்டது என்று சொன்னால் புரியாது.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் என் அக்கா பொன்னுத்தாய் வீட்டில் இருந்தேன். பஸ்ஸுக்கு நின்றால் நேரமாகிவிடும், விரல் வேறு பக்கம் போய்விடும். அதனால் லேபர் கேம்ப்பிலிருந்து சயான் வழியாகச் செம்பூருக்கு ஓடியே போவேன். ஓட்டத்தின் மேல் எனக்கு ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது.

ஒரு நாள் கேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒல்லியான உடம்பு, வெள்ளைச் சட்டை. அக்கவுன்ட்ஸ் ஹெட் கிளார்க் கல்யாணராமன் சார். மாட்டுங்காவில் குடியிருந்தார். கம்பெனி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கும் அவர்தான் செக்ரட்டரி.

"ஏண்டா, தினம் இப்படித்தான் ஓடிண்டு வர்றியா? சயான்லேர்ந்து உன் பின்னாடியே வரேன். சைக்கிள்ல வர எனக்கு மூச்சு வாங்கறது, உனக்கு வாங்கலையே."

"பழகிட்டு சார்."

"பேர் என்ன?"

"சுடலைமுத்து சார்."

அன்று மத்தியானமே ஆள் விட்டுக் கூப்பிட்டார். பாக்டரிகளுக்குள் வருஷா வருஷம் ஒரு நீண்ட ஓட்டப் போட்டி நடக்கும். பதினைந்து மைல். எங்கள் கம்பெனி அதில் ஒரு தடவைகூடத் தேறியதில்லை. மேனேஜருக்கு அது பெரிய குறை.

"முதல் மூணு பேர்ல நீ வந்துட்டா உன்னை பர்மனென்ட் பண்றேன்னு மேனேஜர் எங்கிட்ட வாக்கு குடுத்திருக்கார். ஓட்டம் உனக்குத் தானா வரது. ஆனா நான் சொல்றபடி சாப்பிடணும். சம்மதமா?"

பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்ட பிறகு மண்ணைத் தின்னச் சொல்லியிருந்தாலும் தின்றிருப்பேன். சம்மதம் என்றேன்.

2. அடுப்பு ஏறாத சாப்பாடு

அவர் இயற்கை வைத்தியக்காரர். பல வருஷமாகச் சமைத்த சாப்பாட்டைத் தொடாதவர். "அடுப்புல ஏத்தினா அது செத்துப் போச்சுடா. செத்ததைத் தின்னுட்டு எப்படி ஓடுவே?" என்பார். அரிசிச் சோறு கூடாது, குழம்பு கூடாது, டீ கூடவே கூடாது. வெல்லம் காய்ச்சியது, ஆகவே தள்ளு. அவல் வறுத்து இடித்தது, அதையும் தள்ளு. வாழைப்பழம், பேரீச்சை, ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பச்சைப் பயறு, தேங்காய், வெள்ளரி, காரட், தேன், எலுமிச்சை. இவ்வளவுதான் பாக்கி.

முதல் சில வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வயிறு உப்பும். ராத்திரி பசி எழுப்பும். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் அந்த வாசத்துக்கு எழுந்து தெருவில் போய் நிற்பேன். பாக்டரியில் மிக்சிங் செக்‌ஷன் ஆட்கள் எனக்கு இந்தியில் 'பக்ரா', ஆடு என்று பேர் வைத்து, தழை நீட்டிக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கோ பெரிய வருத்தம். சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் முகத்தையே பார்ப்பாள்.

ஆனால் ஒன்று, அந்தச் சாப்பாடு என்னை ஏமாற்றவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. உடம்பு லேசானது. எதை எப்போது தின்பது என்பது மட்டும் பட்டுப் பட்டுத்தான் தெரிந்தது. தேங்காய் தின்றுவிட்டு ஓடினால் விலாவில் பிடித்துக்கொள்ளும், அதை ஓட்டம் முடிந்த பிறகு தின்ன வேண்டும். பயறும் கடலையும் அப்படியே. ஓடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாழைப்பழம். வழியில் ஊறிய பேரீச்சையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கலாம். தண்ணீரில் எலுமிச்சையும் தேனும்.

உப்பு மட்டும் அவர் சேர்க்க மாட்டார். வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இரண்டு முறை ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் முறை அவர் என் காலை மடியில் வைத்து நீவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "உப்பளத்துல வெயில்தானே காய வைக்கறது, அடுப்பு இல்லையே. ஒரு சிட்டிகை போட்டுக்கோ." அப்படி வளைந்து கொடுக்கத் தெரிந்தவர்தான். என் காலைத் தொடவும் அவர் கூசவில்லை. இரண்டையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் ஸ்டோர்ஸுக்குப் பின்னால், டர்பன்டைன் வாடை எட்டாத இடத்தில் ஒரு பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தின்போம். ஹெட் கிளார்க்கும் பத்லியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதை எங்கள் பாக்டரி அதற்கு முன்னால் கண்டதில்லை. அவர் வீட்டிலிருந்து டப்பா வரும். அதிலிருந்து எனக்கு ஒரு வாழையிலையில் எடுத்து வைப்பார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வீட்டில் போய் அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரு குடுக்கதை நீ திங்க. சரி. நீ குடுத்து அவரு ஒரு நாளாவது தின்னிருக்காராலே?"

"அவரு சமைச்சதைத் தொடமாட்டாருக்கா. அது இயற்கை வைத்தியம்."

"பயறு ஊறப்போடுததுக்குச் சமைக்கணுமா? நாளைக்கு நான் ஊறப்போட்டுத் தாரேன். கொண்டுபோய்க் குடு. அப்புறம் பேசு."

எனக்கு ஆத்திரம் வந்தது. நல்ல மனுஷனை இப்படிச் சந்தேகப்படுகிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

3. மான்குர்த் ரோட்டில்

ஞாயிற்றுக்கிழமைகளில் நீண்ட ஓட்டம். டிராம்பே ரோட்டில் மான்குர்த் தாண்டிப் போய்த் திரும்புவோம். நான் ஓடுவேன், சார் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் கூடவே வருவார். அவருக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிறு, பள்ளத்தில் சைக்கிள் ஏறி இறங்கியதில் கேரியர் கயிறு அவிழ்ந்து பாட்டில் ரோட்டில் விழுந்து நொறுங்கியது. டப்பாவும் திறந்து எல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. நல்ல வெயில். அவர் உதடு வெளுத்துப்போய், சைக்கிள்மேல் சாய்ந்துகொண்டார்.

அன்று அக்கா விடாப்பிடியாக ஒரு சிறு பாட்டில் தண்ணீரும் துணியில் முடிந்த முளைப்பயறும் என் இடுப்பில் கட்டி அனுப்பியிருந்தாள். அதை அவிழ்த்து நீட்டினேன். சந்தேகம் எதுவும் வைத்துக்கொண்டு நீட்டவில்லை. மனுஷன் விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் நீட்டினேன்.

"குடிங்க சார். அக்கா ஊறப்போட்ட பயறும் இருக்கு. அடுப்பு ஏறாதது."

பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்டா. நீ குடி. ஓடறவன் நீதானே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நமக்காகத் தாகத்தைப் பொறுத்துக்கொள்கிறாரே என்று நினைத்தேன். குடித்தேன், ஓடினேன். கொஞ்ச தூரத்தில் மான்குர்த் வந்தது. அங்கே ரோட்டோரம் முனிசிபாலிட்டி குழாய் ஒன்று. பெண்கள் வரிசையாகக் குடம் வைத்திருந்தார்கள். சார் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அவர்களிடம் இந்தியில் கெஞ்சி வரிசைக்கு முன்னால் போய், குழாயைத் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு கையாலும் ஏந்தி ஏந்திக் குடித்தார். மூச்சு விடாமல் குடித்தார்.

நான் ரோட்டில் நின்று பார்த்தேன். அக்கா கேம்ப்பில் விடியுமுன் எழுந்து சண்டை போட்டுப் பிடித்து வைத்ததும் இதே முனிசிபாலிட்டி தண்ணீர்தான். அது எங்கள் வீட்டுப் பானைக்குள் போய் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அடுப்பைப் பற்றி அவர் சொன்ன நியாயம் எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு அடியில் சாதி உட்கார்ந்திருந்தது. அக்காவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது எனக்கு மான்குர்த் வரை ஓடிப்போன பிறகுதான் தெரிந்தது.

அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அன்று முதல் பயறும் கடலையும் பேரீச்சையும் அவளே ஊறப்போட்டாள். பெஞ்சில் என் டப்பாவை நான் திறந்தேன், அவர் டப்பாவை அவர் திறந்தார். "நல்லதாப் போச்சு, நீயே பண்ணப் பழகிண்டியா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு பர்மனென்ட் ஆக வேண்டும். மேனேஜரிடம் பேச அவரை விட்டால் ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டேன், மனசு எரிந்தது.

4. போட்டி

போட்டி அன்று அக்காவும் வந்தாள். பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீரோடு முடிகிற இடத்தில் கயிற்றுக்கு வெளியே நின்றாள். மேனேஜர் தொப்பியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சார் வழக்கம்போல் சைக்கிளில் என் கூட வந்தார்.

முதல் பாதி எனக்குச் சிரமமே இல்லை. எனக்கு முன்னால் ஐந்து பேர். பத்தாவது மைலுக்கு மேல் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். காலையில் பூரி தின்றுவிட்டு வந்தவர்களாம். நான் கன்னத்தில் பேரீச்சையை அடக்கிக்கொண்டு ஒரே சீராகப் போனேன். இன்னும் ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். ஒரு மில் டீம்காரன், உயரமானவன், எவ்வளவு ஓடினாலும் அதே தூரத்தில் தெரிந்தான்.

"அவன் தோள் தொங்கிடுத்து, பாரு. அவன்கிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. உங்கிட்ட இருக்கு. போ சுடலை, போ" என்று சார் பக்கத்திலேயே கத்திக்கொண்டு வந்தார். தொண்டை கட்டி, குரல் வெறும் காற்றாக வந்தது. அந்தக் குரலில் கள்ளம் இல்லை. நான் ஜெயிக்க வேண்டும் என்று என்னைவிட அவருக்குத்தான் வெறி. கடைசித் திருப்பத்தில் மில்காரனைத் தாண்டினேன். மூன்றாவதாக வந்தேன்.

அக்கா செம்பை நீட்டினாள். பாதி குடித்தேன். சார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வெயிலில் அவர் முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. மான்குர்த்தில் பார்த்த அதே உதடு. மேனேஜரும் எழுந்து வந்துகொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, செம்பை சாரிடம் நீட்டினேன். தூக்கிக் குடித்தால் செம்பு உதட்டில் படக்கூட வேண்டாம்.

"நீங்களும் குடிங்க சார். பச்சைத் தண்ணிதான்."

அவர் செம்பை வாங்கிக்கொண்டார். ஒரு கணம் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு கையை உயர்த்தி, மிச்சத் தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினார்.

"சூடு தணியட்டும்டா, குழந்தே" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார். பார்த்தவர்கள் அதைப் பாசம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாசம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் குடிக்கவில்லை.

அக்கா கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, காலிச் செம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"கால்கடுக்க நின்னு பிடிச்ச தண்ணி ஐயா அது. கீழ ஊத்திட்டீங்களே."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேனேஜர் ஏதோ கேட்டதற்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

5. பெஞ்ச்

அடுத்த மாதம் நான் பர்மனென்ட் ஆனேன். மூன்றாவதாக வந்தவனுக்கு எதற்கு என்று ஆபீஸில் இழுத்தடித்தபோது, கல்யாணராமன் சார் மேனேஜர் அறைக்குள் போய், கொடுத்த வாக்கை நிறைவேற்றாவிட்டால் செக்ரட்டரி பதவியே வேண்டாம் என்று சண்டை போட்டார் என்று பியூன் சொன்னான். நம்புகிறேன். அவர் அப்படிச் செய்யக்கூடியவர். முக்காதத்தின் விரலைப் பார்த்து நிற்க வேண்டாத முதல் நாள், கேட்டுக்குள் நுழைந்து, மிக்சிங் செக்‌ஷன் டிரம் ஒன்றின் பின்னால் நின்று அழுதேன்.

அவர் ரிடையர் ஆகும்வரை மத்தியானம் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றோம், அவரவர் டப்பாவிலிருந்து. ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோம், என் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவோம். தண்ணீரைப் பற்றி இருவருமே பேசியதில்லை. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த கையும் அந்தக் கைதான், செம்பைக் கவிழ்த்த கையும் அந்தக் கைதான். நன்றி இருக்கிறது. கோபமும் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை என்னால் கழிக்க முடியவில்லை. இந்த வயதிலும் முடியவில்லை.

பிற்பாடு ஸ்போர்ட்ஸ் கிளப் செக்ரட்டரி வேலை என்னிடமே வந்தது. எழுதப் படிக்கக் கொஞ்சம் தெரிந்திருந்ததால் சமாளித்தேன். கிளப் அறையில் ஒரு மண்பானை வைத்தேன், அதன்மேல் ஒரே ஒரு தம்ளர். ஓட வருகிற பையன்கள், "அண்ணாச்சி, நீங்க பச்சையா தின்னுட்டே ஓடுனீங்களாமே, நாங்க என்ன திங்கணும்?" என்று கேட்பார்கள். வாழைப்பழம் எப்போது, தேங்காய் எப்போது, உப்பு எவ்வளவு என்று எல்லாம் சொல்லித் தருவேன். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் பச்சையாகத் தின்னு, இல்லையென்றால் சோறு தின்னு, அது உன் வயிறு என்பேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அந்தத் தம்ளரில் தண்ணீர் மொண்டு நான் பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை அவன் கையில் கொடுப்பேன். குடித்தவனைத்தான் டீமில் எடுத்தேன்.