கடைசிப் பூஜ்யம்

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சோதனைக்கூடத்துக் கம்ப்யூட்டரில் இரண்டு கட்டளைகள் அடிப்பேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரு வரியில் வந்து நிற்கும். இத்தனை புதுப்பிக்கப்பட்டன, இத்தனை புதிதாகச் சேர்ந்தன, இத்தனை நீக்கப்பட்டன, இத்தனை புதுப்பிக்கப்படாமல் நிற்கின்றன என்று நான்கு எண்கள் சொல்லும் வரி அது. முதல் மூன்றும் என்னவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. நான்காவது பூஜ்யமா என்றுதான் பார்ப்பேன். பூஜ்யமாகத்தான் இருக்கும். ஆனாலும் நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. எழுந்து ஜன்னல் வரை போய் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அதே கட்டளையை இன்னொரு முறை அடிப்பேன். அந்தப் பூஜ்யத்தை எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். வைத்தவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை வழக்கம் என்னுடையதல்ல, மேடத்துடையது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செய்கிற எங்கள் கம்பெனியில், கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக அவர் வந்தபோது எனக்கு அங்கே ஏழு வருட சர்வீஸ். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அதனால் மேடம் என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கசக்கும். கோபிசெட்டிபாளையத்துக்காரர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு இடத்தில் உட்காராத மனுஷி. நின்றுகொண்டே டைப் அடிப்பார், நடந்துகொண்டே சாப்பிடுவார்.

எங்கள் மெஷின்கள் எல்லாம் லினக்ஸில் ஓடுபவை. அதில் மென்பொருள் துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டையும் பேக்கேஜ் என்போம். உலகத்தின் ஏதேதோ மூலைகளில் இருப்பவர்கள், பாதிப் பேர் சம்பளமே இல்லாமல், எழுதி, பிழை பார்த்து, திருத்தித் திருத்தி வெளியிடுவது அது. நாம் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. அப்போதெல்லாம் நான் அதைச் செய்யவே மாட்டேன். ஓடுகிற வண்டியை நிறுத்துவானேன்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதையை அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். "பழசா இருந்தா பத்திரம்னு யாருங்க சொன்னது? ஒரு மாசம் தள்ளிப்போட்டா ஒரு மாச வேலை. மூணு வருசம் தள்ளிப்போட்டா ஊட்டையே இடிச்சுக் கட்டோணுமுங்க" என்பார். என்னென்ன மாறியிருக்கிறது என்ற குறிப்புகளை ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் கட்டளை அடிப்பார். இன்னொரு விதியும் வைத்திருந்தார். எந்த ஃபைலில் யார் கை வைத்தாலும், மேலே தேதியும் பெயரின் முதல் எழுத்துகளும் இருக்க வேண்டும்.

பம்ப்பைச் சோதனை மேடையில் ஏற்றித் தண்ணீர் ஓடவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று மீட்டர் சொல்வதைப் படித்துச் சான்றிதழ் அச்சடிக்கும் புரோகிராம் நான் எழுதியது. கம்பெனியில் என் பெயர் சொல்ல இருந்த ஒரே பொருள். மீட்டரோடு பேசுவதற்கு அது ஒரு பேக்கேஜை நம்பியிருந்தது. அந்தப் பேக்கேஜில் பழைய தப்பு ஒன்று இருந்தது. அது தப்பு என்று தெரியாமலே அதன்மேல் என் புரோகிராமைக் கட்டியிருந்தேன். புதிய பதிப்பில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தப்பைத் திருத்திவிட்டார், என் புரோகிராம் படுத்துக்கொண்டது. உட்கார்ந்து எழுதினால் ஒரு வாரத்தில் சரி செய்திருக்கலாம். ஆனால் தவறாகக் கட்டினேன் என்று மேடத்திடம் சொல்ல வேண்டும். நான் சத்தமில்லாமல் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டு, அதை மட்டும் புதுப்பிக்காதே என்று நிறுத்தி வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி எண் ஒன்று என்று காட்டியது. மேடம் அங்கேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இந்த ஒண்ணு மட்டும் எதுக்குங்க நிக்குது?"

"சின்ன வேலை ஒண்ணு பாக்கியிருக்குதுங்க மேடம். அடுத்த வாரம் எடுத்துப்போடறேனுங்க."

அடுத்த வாரம் நான் எடுத்துப்போட்டது அந்த எண்ணை மட்டும்தான். பேக்கேஜை வேறு விதமாகக் கட்டிப்போட ஒரு வழி உண்டு. மூன்றே வரியில் ஒரு ஃபைல் எழுதி உரிய இடத்தில் வைத்துவிட்டால், இதைவிடப் புதிய பதிப்பு உலகத்திலேயே இல்லை என்று மெஷின் நம்பிவிடும். நம்பியதால் நிற்கிறது என்றும் சொல்லாது. பூஜ்யம் காட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், மூன்று வரியில் மறைக்கலாம். அந்த ஃபைலை எழுதும்போதும், பழகிய கை தானாகவே தலைப்பில் தேதியையும் என் முதல் எழுத்துகளையும் அடித்து வைத்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை மேடம் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, சொன்ன மாதிரி முடிச்சுப்போட்டீங்க" என்றார். இரண்டு வருடம் அந்தப் பூஜ்யம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரைப் பார்த்துப் பல்லிளித்தது.

அதன் பிறகு ஒரு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு எந்த மெஷினும் ஓடாது. லேத்திலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரை துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, கேட்டில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்புவார்கள். விஜயதசமி காலை நல்ல நேரம் பார்த்துத்தான் மறுபடி ஸ்விட்ச் போடுவார்கள். மெஷின்களை எப்படியும் அணைக்கப் போகிறோம் என்பதால், சில்லறை அப்டேட்டாக இல்லாமல் ஒட்டுமொத்தமாக அடுத்த பெரிய பதிப்புக்கே ஏற்றிவிடலாம் என்று மேடம் முடிவு செய்தார். அவசரப்படவில்லை. சோதனைக்கூட மெஷினைப் போன்ற இன்னொரு மெஷினில் முதலில் ஏற்றினார், அதில் மீட்டர் இல்லாததால் பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று சேருகின்றனவா என்பதை மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பூஜைக்கு முந்தின நாள் என் மேஜைக்கு வந்தார்.

"ரெண்டு மெஷினும் ஒரே மாதிரிதானுங்களே? எதாச்சும் வித்தியாசம் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

இன்று வரை நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். சொல்ல ஒரு வார்த்தை போதும். அவர் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை, மிரட்டவில்லை, பேச்சோடு பேச்சாகக் கேட்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரே மாதிரிதானுங்க மேடம்" என்றேன்.

அன்று மாலையே மேடம் புதிய பதிப்பை ஏற்றி மெஷினை அணைத்தார். விஜயதசமி காலை கற்பூரம் காட்டி ஸ்விட்ச் போட்டார்கள். நெற்றியில் குங்குமத்தோடு மெஷின் எழுந்தது. என் புரோகிராம் ஒரு நொடி திறந்து மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி மூடிக்கொண்டது. சுற்றிலும் எல்லாம் புதிதாகிவிட்டிருந்தது, நான் கட்டிப்போட்ட பேக்கேஜ் மட்டும் பழையதாக நடுவில் நின்றது. மறுநாள் காலை வெளிநாட்டு வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் வந்து, தன் கண் எதிரே பம்ப்புகளைச் சோதித்துக் காட்டச் சொன்னார். காட்ட முடியவில்லை. அன்று மாலையே ஃப்ளைட் ஏறிவிட்டார், ஆர்டரும் அவரோடு போய்விட்டது.

இரண்டு நாள் மேடம் அந்த மெஷினை விட்டு நகரவில்லை. எப்போதும் நிற்கிறவர் உட்கார்ந்து வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் நாள் மதியம் அவருடைய விரல்கள் சட்டென்று நின்றன. திரையில் மூன்று வரி ஃபைல், அதன் தலையில் தேதி, என் முதல் எழுத்துகள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபைலை அழித்தார், பேக்கேஜைப் புதுப்பித்தார், என் புரோகிராமைத் திறந்து அந்த இடத்தை அவரே சாயங்காலத்துக்குள் திருத்தி எழுதினார். எனக்கு ஒரு வாரம் ஆகும் என்று நான் பயந்த வேலை.

மறுநாள் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "ஏன் அம்மணி, நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குங்க நோண்டுனீங்க?" என்று கேட்டார். மேடம் என் பக்கம் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் நொடி முள் இல்லை என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. "அப்டேட் போட்டது நானுங்க. பொறுப்பும் என்னுதுங்க" என்றார். அந்த வாரமே சோதனைக்கூடம் அவரிடமிருந்து என் கைக்கு வந்தது. மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டார். நாற்காலி எனக்கு வந்தது.

அதோடு முடிந்திருந்தால் நானும் மறந்து தொலைத்திருப்பேனோ என்னவோ. எங்கள் ஆட்கள் விடவில்லை. நன்றாக இருந்ததை யாராவது தொட்டுக் கெடுத்தால் அதற்குப் பெயர் "மேடம் அப்டேட்". பைப் கழன்றாலும் அதுதான், கேன்டீன் சாம்பாரில் புதிதாக எதையோ போட்டு வாயில் வைக்க முடியாமல் போனாலும் அதுதான். அவரைப் பார்த்தே இராதவர்கள்கூடச் சொல்கிறார்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் வாயில் தினம் இரண்டு முறையாவது வரும். ஒவ்வொரு முறையும் எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். எட்டு வருடமாகக் கொட்டுகிறது.

வெள்ளிக்கிழமை வழக்கத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன், அவரைவிட மோசமாக. மாற்றக் குறிப்புகளையும் படிக்க ஆரம்பித்தேன். போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு பேக்கேஜின் குறிப்பில் பிழை திருத்தியவர்கள் என்று நாலைந்து பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று மேடத்தின் பெயர். கம்பெனியை விட்டுத் துரத்தாத குறையாக அனுப்பினோம், அவர் எங்கோ உட்கார்ந்து திருத்தியது சம்பளமில்லாமல் எங்கள் மெஷினுக்குள் வந்திருக்கிறது. பழைய நம்பருக்குப் போன் போட்டேன்.

எடுத்தார். கோபியில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னார். பின்னால் யாரோ வாழைத்தார் எண்ணும் சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ஃபைலைப் பாத்தப்பவே தெரியுமுங்க. நான் சொல்லியிருந்தா அது கோள் சொன்னதாப் போயிருக்கும். நீங்க சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு முதலாளி ரூமுல உக்காந்திருந்தேன். இப்ப எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க."

சொன்னேன். மறுநாளே கேன்டீனில், எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பேச்சை எடுத்ததும் எழுந்து நின்று, அது மேடம் செய்ததல்ல, நான் செய்தது என்று முதலிலிருந்து சொன்னேன். ஃபைல், பூஜ்யம், ஒரே மாதிரிதானுங்க மேடம் என்று சொன்ன பொய், எல்லாம். தட்டில் கை வைத்தபடி கேட்டார்கள். அதன் பிறகு எலக்ட்ரீஷியன் அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு, "வேலையை விட்டுப் போனவங்களை விட்டுக்குடுக்காம, பழியத் தன் தலையில போட்டுக்கறீங்க பாருங்க. அந்த மனசு யாருக்கு வருமுங்க சார்" என்றார். ஒருவர் என் தட்டில் அப்பளம் வைத்தார். முதலாளியிடம் போனேன். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. "விடுங்க தம்பி. அந்த அம்மணிக்குப் பரிஞ்சு பேசறீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா" என்று முதுகில் தட்டினார். காட்டுவதற்கு என்னிடம் ஃபைல் இல்லை. அதை மேடமே அழித்துவிட்டிருந்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம்போல அடித்தேன், ஓடியது, கடைசி வரியில் பூஜ்யம் வந்து நின்றது. பக்கத்தில் போன் மின்னியது. மேடத்திடமிருந்து ஒரே ஒரு வரி. "சொல்லிட்டீங்களாங்க?"

சொல்லிட்டேனுங்க மேடம் என்று அடித்தேன். அனுப்பவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் அவருக்கு நான் காட்டிய பூஜ்யத்தையும் மெஷின் பொய்யாகச் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு எழுந்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆயுத பூஜைக்கு இரண்டு வருடம் முன்னால் என்று ஆரம்பித்தேன்.

"மறுபடியுமுங்களா சார்?" என்றார்.