வாய்க்கால் வளைவில் அடித்த ஹாரன்

அப்பாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. தேங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போவார். லீவு நாளில் அம்மாவும் நானும் கூடப் போவோம். முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே இன்ஜின் மூடி. அதில் சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்கார வைப்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மூன்றாவது படித்தேன்.

ஊரைத் தாண்டியதும் வாய்க்கால் பாலம். அங்கே பாதை இடது பக்கம் ஒடித்துத் திரும்பும். அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, அந்த வளைவில்தான் மொபெட்டோடு தண்ணீரில் விழுந்து இறந்துபோனார். அதற்குப் பின் ஒரு சாயங்காலம், அதே இடத்தில் வேனின் ஹாரன் தானாக அடித்தது. அப்பா அமுக்கவில்லை. நீளமாக ஒரு சத்தம், பிறகு அடங்கிவிட்டது. ரோட்டில் ஓர் ஆடுகூட இல்லை. தண்ணீர் மட்டும் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அந்த வளைவு வந்தாலே அடிக்கும். போகும்போது மட்டும். திரும்பி வரும்போது மூச்சு விடாது.

"ஏனுங்க, அவந்தானுங்க கூப்புடறான்" என்றாள் அம்மா.

"அப்பறம் வாரப்ப ஏன் கூப்புடலையாமா?"

"ஊட்டுக்குத்தான போறோம்னு உட்டுடறான்."

அம்மா சன்னலில் தலை நீட்டி, "வாரேன் சாமி, வாரேன்" என்று தண்ணீருக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். ஒரு தடவை அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. அன்றிலிருந்து வளைவு வந்தால், அப்பா என் மடியைத் தாண்டி இடது கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஹாரன் பேசாது. "என்னுங்ணா, உங்ககிட்டத்தான் வாயத் தொறக்குமாட்ட இருக்குது!" என்று மெக்கானிக் கேலி பண்ணினார். அப்பா அவரை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். வளைவில் ஹாரன் அலறியது. மெக்கானிக், "முருகா!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அதே வளைவில் மெதுவாகத் திருப்பச் சொன்னார். சத்தமில்லை. வேகமாகத் திருப்பச் சொன்னார். அடித்தது.

"முழுசா எடது பக்கம் ஒடிச்சு, குழியிலயும் வேகமா எறங்கோணும். அப்பத்தான் அடிக்குதுங்ணா."

ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்துத் தேடியவர், மஞ்சள் கயிற்றில் கட்டிய ஒரு செப்புத் தகட்டை அவிழ்த்தெடுத்தார். அதன் ஓரம் உரசி உரசி ஹாரன் ஒயரின் தோல் அறுந்திருந்தது.

"இத ஆருங்ணா கட்டுனது?"

"நாந்தானுங்க" என்றாள் அம்மா. "இவருக்கும் அப்புடி ஒண்ணு ஆகிறக் கூடாதுன்னு, கோயல்ல பூச பண்ணி வாங்கியாந்து கட்டிப்போட்டேன்."

மெக்கானிக் கிரீஸ் கையோடு தகட்டைக் கண்ணில் ஒற்றி அம்மாவிடம் கொடுத்தார். "சாமி குத்தமில்லீங்க அம்மணி. ஒயருதான்." டேப் சுற்றிவிட்டு இறங்கிக்கொண்டார்.

அடுத்த தடவை வளைவில் சத்தமே இல்லை. அம்மா தலை நீட்டிக் காத்திருந்தாள். பாலம் பின்னால் போய்விட்டது. அன்றைக்கு அவள் விளக்கேற்றவில்லை. அதற்குப் பிறகு சோறும் சரியாக இறங்கவில்லை. எங்களிடம் பேச்சும் நின்றுபோனது. இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அந்த மௌனத்தில் வீட்டுக்குள் நடக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மறுபடி பொள்ளாச்சிக்குப் போனோம். வளைவில் ஹாரன் அடித்தது. பழையபடியே, நீளமாக.

"வாரேன் சாமி" என்றாள் அம்மா, தண்ணீரைப் பார்த்து. பல நாளைக்குப் பிறகு அவள் குரல் கேட்டது.

நடுவில் இருந்த நான் பார்த்தேன். அப்பாவின் இடது கை அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது. வலது கைக் கட்டைவிரல் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

ரிப்பேர் பார்க்க அத்தனை அலைந்த மனுசர் எதற்காக இப்படிச் செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா கூப்பிடுகிறார் என்றபோது வராத பயம், அன்றைக்கு அப்பாவைப் பார்த்து எனக்கு வந்தது.