பதினாறிலும் நாற்பத்துமூன்றிலும்

ஒரு பெண்ணுக்குள் இரண்டு தாய்மார் இருந்தால், ஒருத்தி செய்ததற்கு மற்றவள் பதில் சொல்ல வேண்டுமா? சாய்ந்தமருது நஸீறாவின் வாழ்க்கையை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

பதினைந்தில் கலியாணம், பதினாறில் மகள் றுஸ்தா. கணவர் அச்சிமுகம்மது ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனால் திரும்ப இரண்டு வாரமாகும். அழும் பிள்ளையோடு தனித்துக் கிடந்தவள் அந்தப் பிள்ளையை அடித்தாள். விளக்குமாற்றால், செருப்பால், கையில் அகப்பட்டதால். றுஸ்தா ஏழு வயதில் சோற்றுப் பானையைக் கவிழ்த்த அன்று, கரண்டியைத் தணலில் காய்ச்சி அவள் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினாள். தழும்பு கரண்டியின் வடிவத்திலேயே தங்கிவிட்டது.

ஊர் வழக்கப்படி, றுஸ்தாவின் கலியாணத்தோடு வீடு அவளுக்குப் போனது. பெற்றவர்கள் அதே வளவில் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்கு மாறினார்கள். அங்கேதான் நஸீறா நாற்பத்துமூன்று வயதில் மறுபடி கருவுற்றாள். றுஸ்தாவுக்கும் அப்போது மாதம் ஆறு. இருவரும் ஒரே கிளினிக்குக்குப் போனார்கள்.

"இது உம்மாட கார்டா, மகள்ட கார்டா?" என்றாள் மருத்துவமாது.

"மாமனாரும் மருமகனும் போட்டி போல!" என்று வரிசையிலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் தன் பிள்ளையைப் பெறும்வரை றுஸ்தா தாயோடு கதைக்கவில்லை.

நஸீறாவுக்குப் பிறந்தவள் அம்ஹா. அவள்மேல் நஸீறா ஒருநாளும் கை ஓங்கியதில்லை. எட்டு வயதில் அவளும் றுஸ்தாவின் குசினியில் சோற்றுப் பானையைக் கவிழ்த்தாள். நஸீறா சிரித்தபடி குந்தி அள்ளினாள்.

"பரவால்ல மகள், கோழி தின்னட்டும்."

அடுப்படியில் நின்ற றுஸ்தா திரும்பினாள். "வயசு போய்ப் பெத்தா சிரிப்பு வருமா உம்மா? எனக்கு என்ன தந்த எண்டு ஞாபகம் இரிக்கா?"

"அப்ப நானும் சின்னப் புள்ளடி."

"அப்ப நான் ஆரு?"

றுஸ்தா தணலில் கிடந்த கரண்டியை எடுத்துத் தங்கையின் கையில் அழுத்தினாள். அம்ஹாவின் அலறல் தெருவரை கேட்டது. நஸீறா உலக்கையால் அடித்தாள். றுஸ்தாவின் மணிக்கட்டு முறிந்தது. விழுந்தவளின் தோளில் இன்னொன்று. மூன்றாவதுக்கு ஓங்கியபோது மகளின் சட்டைக் கை விலகி, பழைய தழும்பு தெரிந்தது. உலக்கையைக் கீழே போட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு யார் சூடு வைத்தது என்று கேட்டார்கள். சூடு வைத்தவர் இருக்கும் வளவுக்குப் பிள்ளையை அனுப்பமாட்டோம் என்றும் சொன்னார்கள். பக்கத்துக் கட்டிலில் றுஸ்தா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான் சூடு வச்சன்" என்றாள் நஸீறா.

"இல்ல, ராத்தாதான்..." என்று அக்காவைக் காட்டி அம்ஹா தொடங்க, நஸீறா அவள் வாயைப் பொத்தினாள். பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இப்போது அம்ஹா மருதமுனையில் மாமி வீட்டில் வளர்கிறாள். மாதம் ஒருமுறை, இன்னொருவர் முன்னிலையில்தான் நஸீறா அவளைப் பார்க்கலாம். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அச்சிமுகம்மது பலமுறை கேட்டுவிட்டார். றுஸ்தா ஒரே ஒருமுறை கேட்டாள். நஸீறா அவள் சட்டைக் கையை இழுத்துப் பழைய தழும்பை மூடிவிட்டாள்.