பதினேழாம் எண் ஜெயமணி

ஜெயமணி இறந்துபோன செய்தி எனக்கு ஒரு பேனர் விசாரணையாக வந்தது. கொழும்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். நம் வகுப்பின் பழைய மாணவர் குழுத் தலைவர் சந்திரமோகன் தொலைபேசியில் வந்தான்.

“மச்சான், பேனர்ல ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு போடுறதா, ‘ஆழ்ந்த அனுதாபம்’னு போடுறதா? பிரின்ட் பண்றவன் கேக்குறான்.”

“யாருக்குடா?”

“ஒனக்கு இன்னும் தெரியாதா? நம்ம ஜெயமணி. எலிக்காய்ச்சல். காலையில ஆஸ்பத்திரியில முடிஞ்சிருச்சி.”

நம்ம ஜெயமணி! அந்த ‘நம்ம’ காதில் விழுந்ததும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பதினாறு மாதங்களாக அவள் நம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்லைத்தான். உயிரோடு இருந்தவரை கொடுக்க மனம் வராதவர்களுக்கு, அவள் மூச்சு நின்ற அன்றே அது தாராளமாக வாயில் வந்துவிட்டது.

நம் குழுவின் மலருக்கு அவளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். “நல்லதா நாலு வார்த்தை எழுது” என்றீர்கள். அவளைப் பற்றி எழுதினால் நல்லதாகத்தான் வரும். கூடவே நம்மைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பதுதான் சங்கடம். பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். தாண்டிப் போவது நமக்கு நன்றாகப் பழகிய வேலை.

நானும் ஜெயமணியும் ஒரே ரப்பர் தோட்டம். அவள் தொழிலாளர் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை. நான் குவாட்டர்ஸ் பிள்ளை, என் அப்பா தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் பஜார் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வகுப்பு இடாப்பில் பெயர்கள் சேர்ந்த வரிசைப்படி இருந்தன. எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினேழு. மாசிலாமணி ஐயா காலையில் பெயர் கூப்பிடும்போது நான் “உள்ளேன் ஐயா” என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய “உள்ளேன் ஐயா” வந்து என் குரலை இடிக்கும். கொஞ்சம் பொறுத்துச் சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். “நீ இழுத்து இழுத்துச் சொல்ற. நான் எவ்வளவு நேரம் காத்துக்கிட்டு நிக்கிறது?” என்றாள்.

கணக்கில் அவளை நெருங்க வகுப்பில் ஆள் கிடையாது. ஒன்பதாம் வகுப்பை சந்திரமோகன் தாண்டியதே அவளுடைய கொப்பியைப் பார்த்துத்தான். இதை அவன் மறுக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

அரசாங்கப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகும் நேரம் வந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஜெயமணியிடம் அது இல்லை. அவள் பிறந்தபோது தோட்டத்து ஆபீஸ் அதை எழுதிப் பதிவாளருக்கு அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை. ஐந்து நாள் காலையில், பள்ளிக்கூட உடுப்போடு, அவள் ஆபீஸ் படிக்கட்டில் நின்றாள். உள்ளே இருந்தவர் என் அப்பா. ஐந்து நாளும் அவர் சொன்னது ஒரே பதில்: “நாளைக்கு வா.” ஆறாம் நாள் விண்ணப்பம் அனுப்பும் தேதி முடிந்துவிட்டது. அடுத்த மாதமே அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். அவள் பிறந்ததை எழுத நேரமில்லாத அதே ஆபீஸ், வேலையாட்கள் பெயர் எழுதும் செக்ரோலில் அவள் பெயரை ஒரே நாளில் எழுதிக்கொண்டது. எழுதியவர் என் அப்பாதான். இறந்துபோனவரைக் குறை சொல்லலாமா என்று என் தங்கை கேட்பாள். ஜெயமணியும்தான் இறந்துவிட்டாள்.

கணக்குப் பரீட்சையன்று நான் ரப்பர் மலை வழியாக இறங்கிப் போனேன். அவள் மரத்தடியில் பால் பிடிக்கும் சிரட்டையைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்து வேகமாக நடந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏய் பதினாறு! கேத்திர கணிதத்த மொதல்ல செய்யி. ஒனக்கு அது ஒன்னுதான் ஒழுங்கா வரும்.” அப்படியே செய்தேன், சித்தியடைந்தேன். போய் அவளிடம் சொல்லவில்லை. கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, போன வருஷம் சித்திரை விடுமுறையில், நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கூடினோம். எத்தனை மாத ஏற்பாடு! பெயர்ப் பட்டியல் தயாரித்த செயலாளர் நான்தான். பள்ளிக்கூட அலுமாரியிலிருந்து நம் வகுப்பின் கடைசி வருஷ இடாப்பை எடுத்தேன். நாற்பத்தொரு பெயர்கள். பாதியில் நின்றவர்களின் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. கோடில்லாத பத்தொன்பது பெயர்களைப் பார்த்து எழுதினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. என் கை தானாகவே செய்தது. கனடாவில் இருப்பவனுடைய விலாசத்தைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் அலைந்தோம். பள்ளிக்கூடத்துக்கு மேலே மூன்று மைலுக்குள், அதே லயங்களில் இருந்த பதினொரு பேரைத் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை நாம் கட்டிக்கொடுத்த தண்ணீர்த் தாங்கியைத் திறந்து வைத்தோம். அதன் கீழே கருங்கல்லில் ‘வகுப்புத் தோழர்கள்’ என்ற தலைப்பும் பத்தொன்பது பெயர்களும். கை தட்டினோம், படம் எடுத்தோம். மத்தியானம் மாசிலாமணி ஐயாவை மேடையில் உட்கார வைத்து, பழையபடி பெயர் கூப்பிடச் சொன்னோம். கையில் என் பட்டியல். எண்களோடு கூப்பிட்டார். “பதினாறு, ரவீந்திரன்.” “உள்ளேன் ஐயா” என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஐயா அடுத்த பெயருக்குப் போனார். “பத்தொன்பது…”

“பதினேழு, உள்ளேன் ஐயா!”

பந்தலின் பின்பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. ஜெயமணி நின்றாள். அவளைச் சுற்றிப் பத்துப் பேர். காலையில் பால் வெட்டி, மத்தியானம் எடை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பீலித் தண்ணீரில் குளித்து, இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வாசலில் சாப்பாட்டுக்காரனின் ஆள் அவர்களை மறித்து, சாப்பாடு வாங்கவா வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். “நே மாத்தயா, அப்பித் மே பந்தியே லமை” என்றிருக்கிறாள். நாங்களும் இந்த வகுப்புப் பிள்ளைகள்தான் என்று அந்நிய ஆள் ஒருவனிடம் அவள் விளக்க வேண்டியிருந்தது. அவன் மரியாதையாக வழிவிட்டான். மறித்தது நாம்தான்.

“பதினெட்டு?” என்று அவளே கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற மாரிமுத்து தயங்கித் தயங்கி “உள்ளேன்” என்றான். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. விட்டுப்போன இருபத்திரண்டு பெயரையும் எண்ணோடு, ஒரு தாள் பார்க்காமல் சொன்னாள். வந்தவர்கள் உள்ளேன் என்றார்கள். ஐந்து பெயருக்கு அவளே “இந்தியாவுக்குப் போயிட்டாங்க ஐயா” என்றாள். ஆறு பெயருக்கு “செத்துட்டாங்க ஐயா” என்றாள். மாசிலாமணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிவப்புக் கோடு இழுத்தது அவருடைய பேனாதான், ஆனால் அன்று அழுததும் அவர் ஒருவர்தான்.

நாம் என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். சந்திரமோகன், “முன்னாடியே சொல்லியிருந்தா சாப்பாடு கூடச் சொல்லியிருப்போமே” என்றான். “சொல்ல வேண்டியது நீங்களா, நாங்களா?” என்று அவள் கேட்டாள். நம்மில் ஒருவருடைய மனைவி ரப்பர் பால் வாடை தாங்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் தங்கிவிடும் அந்த வாடையில்தான் நாம் அத்தனை பேரும் வளர்ந்தோம். படம் எடுக்கும்போது முதலில் பத்தொன்பது பேர், அப்புறம் ‘எல்லோரும்’ என்று இரண்டு தடவை எடுத்தோம். நான் இரண்டிலும் இருக்கிறேன். ஒன்றிலும் வாயைத் திறக்கவில்லை.

போகும் முன் அவள் தாங்கியருகே நின்று கல்லில் இருந்த பெயர்களை வாசித்தாள். “தாங்கி நல்லாருக்கு. கல்லுதான் தப்பா இருக்கு” என்றாள். இருபத்திரண்டு பெயரையும் சேருங்கள் என்றாள். பரீட்சை எழுதியவர்கள்தானே வகுப்பு என்று உங்களில் யாரோ முணுமுணுத்தீர்கள். “பள்ளிக்கூடத்துக்கு வந்தவங்கதான் வகுப்பு. பரீட்சை கடைசியில வந்திச்சி” என்றாள். சரி, செய்வோம் என்றோம். நாம் ‘செய்வோம்’ என்பதை எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு நான்கு கூட்டம் போட்டோம். கல் நல்ல கல், உடைத்தால் பாழாகும் என்று ஒரு கூட்டத்தில் பேசினோம். செத்தவர்கள் பெயரைப் போடலாமா என்று இன்னொரு கூட்டம் முழுக்கப் பேசினோம். இந்தியாவுக்குப் போனவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டாமா என்று ஒருவர் சட்டம் பேசினார். பத்தொன்பது பேரில் யாரிடமும் நாம் சம்மதம் கேட்டதில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவிசாவளை பஸ் ஸ்டாண்டில் அவளைக் கண்டேன். என்னைக் கண்டதும் “நீங்க” என்று மரியாதையாகத்தான் தொடங்கினாள். “கல்லு என்னாச்சிங்க?” அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்றேன். அவளுடைய முகம் மாறியது. மரியாதை போய்விட்டது. “நாளைக்கு வான்னு ஒங்கப்பா சொன்னாரு. அவரு பிள்ள நீ, அடுத்த கூட்டம்னு சொல்ற. ஆபீசுதான் வேற, பதிலு ஒன்னுதான்.” சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து கொப்பித் தாள் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தாள். இருபத்திரண்டு பெயர்கள், எண்களோடு, அவளுடைய பழைய உருட்டெழுத்தில். “நாப்பத்தஞ்சு வயசுலதான் எனக்கு ஐடென்டி காட் கெடச்சிச்சி. அரசாங்கமே என்னைய ஆளுன்னு ஒத்துக்கிருச்சி. கூடப் படிச்சவங்களுக்குத்தான் இன்னும் கூட்டம் முடியல.” பஸ் வந்தது. ஏறிக்கொண்டே சொன்னாள்: “என் பேர மட்டும் போட்டு வாய அடைச்சிறலாம்னு பாக்காதீங்க. போட்டா எல்லாத்தையும் போடுங்க.”

அவளுடைய சாவுக்கு நாம் எல்லோரும் போனோம். தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் நம் பேனர் கட்டியிருந்தது. ‘எங்கள் அன்பு வகுப்புத் தோழிக்குக் கண்ணீர் அஞ்சலி.’ படம் அந்த இரண்டாவது குழுப்படத்திலிருந்து வெட்டியது. அவளுடைய தோளில் மாரிமுத்துவின் நாலு விரல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆளை வெட்டியவன் விரலை வெட்ட மறந்துவிட்டான். லயத்து வாசலில் சந்திரமோகன் பேசினான். நம் வகுப்பின் ஒளிவிளக்கு என்றான். குரல் தழுதழுத்தது, அது பொய்யாகவும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. இவ்வளவு பாசத்தையும் எங்கே பூட்டி வைத்திருந்தோம்? முடிவில் அறிவித்தான், ஜெயமணியின் பெயரை முப்பத்தோராம் நாளைக்குள் கல்லில் பொறிப்போம் என்று. அவளுடைய பெயரை மட்டும்.

மாரிமுத்து என் பக்கத்தில் நின்றிருந்தான். “காய்ச்ச வந்த மூனாம் நாளும் பால் வெட்டப் போனா. போகாதன்னு சொன்னோம், கேக்கல. ஆஸ்பத்திரிக்கு ஏத்தும்போது ஒங்களத்தான் கேட்டா. ‘பதினாறு கல்ல மாத்திட்டானா’ன்னு” என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே, தோழர்களே, இந்தப் பக்கத்தின் மூலம் தெரிவிக்கிறேன். உங்கள் தீர்மானத்தை நான் நிறைவேற்றப் போவதில்லை. அவளுடைய தாளைக் கல் கொத்துபவரிடம் கொண்டு போனேன். பழைய கல்லைக் கழற்றச் சொல்லிவிட்டேன். புதிய கல்லில் நாற்பத்தொரு பெயர்கள், சேர்ந்த வரிசைப்படி. செத்தவர், போனவர், நின்றவர் என்ற பிரிவு கிடையாது. முப்பத்தோராம் நாள் மத்தியானம், பால் நிறுத்துக் கொடுத்த பிறகு, தாங்கியருகே வாருங்கள். காலையில் வைத்தால் அவர்கள் வர முடியாது. இதுகூட நமக்கு முன்பு தெரிந்திருக்கவில்லை. கூட்டம் போடாமல் செய்ததற்காக என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குவதென்றால் நீக்குங்கள்.

கல் கொத்துபவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். கூடவே ஒரு வெட்கமும் என்னிடம் இருக்கிறது. அன்று மேடையிலிருந்து ஐயா என் பெயரைக் கூப்பிட்டார், நான் உள்ளேன் என்றேன், அவர் பத்தொன்பதுக்குத் தாவினார். ஐந்து வருஷம் தினமும் என் குரலை இடித்துக்கொண்டு வந்த குரல் அந்த இடத்தில் வரவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் அது தெரியாமல் போகலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.