புற்றோரத்துத் தழை

பட்டுப்புழுவுக்காக நாங்கள் போட்ட மல்பெரித் தோட்டத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புற்று உண்டு. மற்ற இடமெல்லாம் தழை வெளிறிக் கிடக்கும்; புற்றைச் சுற்றி மட்டும் கருகருவென்று நிற்கும். என் வீட்டுக்காரர், தான் போட்ட யூரியாதான் காரணம் என்று பொள்ளாச்சி வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். மண் பரிசோதனைக்கு வந்தவர், கரையான் அடிமண்ணை மேலே கொண்டுவந்து கட்டுகிறது, மழையில் அது கரைந்து சுற்றுமண்ணுக்குச் சத்தாகிறது என்றார். இவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துக்காரிக்குப் பரிசோதனையெல்லாம் தேவைப்படவில்லை. நாங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து, தன் ஆட்டுக்குப் புற்றோரத்தில் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு போய்விடுவாள். நேரில் கேட்டால் அக்கம்பக்கத்துப் பழக்கம் கெட்டுப்போகும் என்பது இவர் கணக்கு. அதனால் இவர் வேலியோரம் நின்று, போனில் பேசுவதுபோலச் சத்தமாகச் சொன்னார்: "புத்துக்குள்ள நாகம் போச்சுங்க. என்ற கண்ணால பாத்தனுங்க."

பாம்பென்றால் பயந்து ஓட இது வேறு ஊரா? அடுத்த வெள்ளிக்கிழமையே புற்றுக்கு மஞ்சள் பூசி, பால் ஊற்றி, சாம்பிராணி போட்டார்கள். முன்னால் நின்றவள் அவளேதான். திருட்டு அன்றோடு நின்றது என்பதும் உண்மை. இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த முறை புழு வளர்த்தபோது கிணறு வற்றிவிட்டது. கூடு கட்டுவதற்கு முந்தின நாட்களில்தான் பட்டுப்புழு பேய்த்தீனி தின்னும். மற்ற பாத்திகளை வெட்டித் தீர்த்தாயிற்று; மிச்சம் புற்றோரத் தழை மட்டும். அதுவும் இல்லையென்றால் அத்தனை புழுவும் பட்டினி. அரிவாளும் கூடையுமாகப் போனேன். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை, ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள்; இவரும் அங்கேதான் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏனுங் அம்மணி, ஆத்தா குடியிருக்கற எடத்துல அருவா வெக்கலாமுங்களா?"

என் தழையை இத்தனை நாள் அறுத்தவள் எனக்குப் புத்தி சொல்கிறாள். "ஏனுங்க, உள்ள ஒண்ணுமில்லீன்னு நீங்களே சொல்லுங்க" என்று இவரைப் பார்த்தேன். கூட்டமும் பார்த்தது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவிங்க சொல்றது செரிதான் கண்ணு. உட்டுப்போடு."

வெறுங்கூடையோடு புழு மனைக்குத் திரும்பினேன். தட்டுகளில் காம்பு மட்டுமே கிடந்தது. புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. பின்னாலேயே வந்த இவர் என் கையில் பிரசாதத்தை வைத்தார்.